குரல் ஒருவருக்கு, கால் இன்னொருவருக்கு

எர்ணாகுளத்திலிருந்து கோஸ்ரீ பாலங்கள் வழியாக வல்லார்பாடம் போகிறவர்கள் முதலில் கடப்பது போல்காட்டியை. 2024 அக்டோபரில் அங்குள்ள அரண்மனை மைதானத்தில் நார்வேக்காரரான ஆலன் வாக்கரின் நடன இசை நிகழ்ச்சி நடந்தது. அன்றைய கூட்டத்தை நம்பி டெல்லியிலிருந்தும் மும்பையிலிருந்தும் செல்போன் திருடும் கும்பல்களே கிளம்பி வந்தன. டஜன் கணக்கில் போன்கள் பறிபோக, கொச்சிப் போலீஸ் டெல்லி வரை போய்த் துப்புத் துலக்க வேண்டியிருந்தது. சந்தை ஆய்வு செய்பவர்களைவிடத் திருடர்களின் கணக்கு சில சமயம் துல்லியம். டிக்கெட்டுக்குச் செலவழிக்கக் காசும் ஆடுவதற்கு ஆசையும் உள்ள இளைஞர் கூட்டம் இங்கே இருக்கிறது. அந்த மேடையில் ஏறிப் பாடிக்கொண்டே ஆடுகிற நம் ஊர்க் குழுதான் இல்லை. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் குரலுக்குப் பஞ்சமில்லை, ஆட்டத்துக்கும் பஞ்சமில்லை. ஆனால் இரண்டையும் ஒரே உடம்பில் பழக்கும் பட்டறையை நாம் இழந்துவிட்டோம். டான்ஸ்-பாப் குழு ஒன்று ஒரு பாட்டோடு நிற்குமா, பத்து ஆண்டு தாங்குமா என்பது பெரும்பாலும் அந்தப் பட்டறையில்தான் முடிவாகிறது.

இப்போது உலகம் கவனிக்கும் வளரும் குழு ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கேட்ஸ்ஐ என்ற ஆறு பெண்கள் குழுவில் ஒருவர் லாரா ராஜ். முழுப் பெயர் லாரா ராஜகோபாலன், அமெரிக்காவில் பிறந்த தமிழ்ப் பெண், மேடையில் நெற்றிப் பொட்டோடு நிற்பவர். தென் கொரியாவின் ஹைப் நிறுவனமும் அமெரிக்காவின் கெஃபன் நிறுவனமும் சேர்ந்து இந்தக் குழுவை உருவாக்கின. ஒரு லட்சத்து இருபதாயிரம் விண்ணப்பங்களிலிருந்து சலித்தெடுத்ததாக அவை சொல்லிக்கொண்டன. 2023இல் நடந்த போட்டித் தொடரில் 20 பேர் நின்றார்கள், அந்த நவம்பரில் ஆறு பேர் மிஞ்சினார்கள். முதல் பாட்டு வெளிவந்ததோ 2024 ஜூனில். அந்த ஆகஸ்டில் வந்த முதல் தொகுப்பு அமெரிக்காவின் பில்போர்டு 200 பட்டியலில் 119ஆம் இடத்தோடு நின்றுவிட்டது. நம் ஊர்த் தயாரிப்பாளராக இருந்தால் அங்கேயே கையைக் கழுவியிருப்பார். 2025இல் 'நார்லி' என்ற கரடுமுரடான பாட்டு வந்தது, பலர் முகம் சுளித்தார்கள். அதே பாட்டை அவர்கள் மேடையில் ஆடிக் காட்டியபோது பேச்சு மாறியது. அந்த ஆண்டு வந்த இரண்டாவது தொகுப்பு 'பியூட்டிஃபுல் கேயாஸ்' 4ஆம் இடத்தில் நுழைந்தது. சிகாகோவின் லொல்லாபலூசா விழா மேடையும், கிராமி விருதில் புதிய கலைஞர் உள்ளிட்ட இரண்டு பரிந்துரைகளும் அதே ஆண்டில் வந்து சேர்ந்தன.

பாட்டைக் கேட்டவர்கள் தயங்கினார்கள், ஆட்டத்தைப் பார்த்தவர்கள் மாறினார்கள் என்பதை இங்கே கவனிக்க வேண்டும். ஆடும்போது மூச்சு இரைக்கும். இரைக்கிற மூச்சில் சுருதி நழுவும். நின்றபடி அழகாகப் பாடுகிறவரை மூன்று நிமிடம் குதிக்கவிட்டுப் பாடச் சொன்னால், இரண்டாவது சரணத்தில் வார்த்தையை விழுங்குவார். அதைச் சரிசெய்ய, எந்த அடியில் மூச்சு இழுப்பது, எந்த வரியைப் பாடுகிறவருக்கு எளிய அசைவு தருவது, அவர் பாடும்போது கடினமான அடியை யார் சுமப்பது என்று பாட்டையும் ஆட்டத்தையும் ஒன்றாகவே தைக்க வேண்டும். அது மாதக்கணக்கில், வருடக்கணக்கில் சேர்ந்து பழகினால் வருவது. கேட்ஸ்ஐ பெண்கள் லாஸ் ஏஞ்சலிஸில் அப்படிப் பழகியதையும், அவ்வப்போது மதிப்பெண் போட்டுத் தரம் பிரிக்கப்பட்டதையும் நெட்ஃபிளிக்ஸ் ஆவணத் தொடரில் பார்க்கலாம். அந்தக் காலம் முழுவதும் யாரோ ஒருவர் வாடகையும் சாப்பாடும் ஆசிரியர் சம்பளமும் கொடுத்துக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

நாமும் முயலாமல் இல்லை. 2002இல் சேனல் வி 'பாப்ஸ்டார்ஸ்' போட்டி நடத்தி, நேஹா பசின், அனுஷ்கா மன்சந்தா உள்ளிட்ட ஐந்து பெண்களை 'விவா' என்று மேடையேற்றியது. பாட்டு நாடெங்கும் ஒலித்தது. அடுத்த ஆண்டே ஒருவர் விலகினார், இரண்டாவது தொகுப்பு நால்வரோடு வந்தது, அதன்பின் குழு கலைந்தது. 2003இல் அதே வழியில் வந்த 'ஆஸ்மா'வுக்கும் ஆயுள் நீளவில்லை. கலைந்த பிறகு அவர்கள் போன இடம்தான் சுவாரசியமானது. நேஹா பசின் பின்னணி பாடப் போனார். 2007இல் 'சத்தம் போடாதே' படத்தில் யுவன் சங்கர் ராஜா இசையில் நம் காதுக்கு வந்த 'பேசுகிறேன்' பாட்டின் குரல் அவருடையது. ஆஸ்மாவின் நீதி மோகன் இந்திப் படங்களின் முன்னணிக் குரலானார். தனியாளாக எல்லோரும் பிழைத்துக்கொண்டார்கள், குழுதான் பிழைக்கவில்லை. திறமை இல்லாதவர்களைத் தேர்ந்தெடுத்ததால் வந்த தோல்வி அல்ல இது. போட்டி முடிந்த கையோடு தொகுப்பு, தொகுப்பு முடிந்த கையோடு சுற்றுப்பயணம் என்று ஓடியவர்களுக்கு ஒன்றாகப் பழக அவகாசம் இல்லை. சினிமா கூப்பிட்டதோ அவர்களின் குரலை மட்டும்.

அந்தப் பிரிவினைக்கு நம்மிடம் ஒரு தேதியே உண்டு. 1938இல் ஏ.வி. மெய்யப்பன் தயாரித்த 'நந்தகுமார்' படத்தில் லலிதா வெங்கட்ராமன் திரைக்குப் பின்னிருந்து பாடினார். தமிழில் பின்னணிப் பாடல் அங்கே தொடங்கியதாகச் சொல்வார்கள். அதற்கு முன் மேடையில் நின்றவர்தான் பாட வேண்டும். சங்கரதாஸ் சுவாமிகள் வளர்த்த பாய்ஸ் கம்பெனி நாடக மரபில் சிறுவர்கள் கம்பெனி வீட்டிலேயே தங்கி, கம்பெனிச் சாப்பாட்டைச் சாப்பிட்டு, வாத்தியாரிடம் பாட்டு, வசனம், அடவு எல்லாம் பழகி அரங்கேறினார்கள். எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியிலிருந்து வந்தவர். சியோலில் பயிற்சி மாணவர்களை விடுதியில் வைத்துப் பழக்குகிறார்கள் என்று இன்று நாம் வியப்பதை, மதுரையில் அன்றே செய்தார்கள். பின்னணிக் குரல் வந்ததும் பாடுகிறவர் ஒலிப்பதிவு அறைக்குள் போனார், ஆடுகிறவர் நட்சத்திரத்தின் பின்வரிசைக்குப் போனார், நட்சத்திரம் உதட்டை அசைத்தது. மூன்று தொழிலிலும் மேதைகள் வந்தார்கள். மூன்றும் ஒருவரிடம் சேர வேண்டிய தேவைதான் போய்விட்டது.

கொச்சித் தீவுகளின் கரையில் அந்தத் தேவை இன்னும் முழுதாகச் சாகவில்லை. போர்ச்சுகீசியர் வந்த பிறகு லத்தீன் கத்தோலிக்கரிடையே வளர்ந்த சவிட்டு நாடகம், பெயருக்கேற்ப மிதித்து ஆடும் நாடகம். பலகை அடித்த மேடை, பளபளக்கும் அரச உடை, செண்டையும் இலத்தாளமும். வீரன் தன் பாட்டின் முடிவில் காலை ஓங்கி மிதித்தால் பலகையே ஒரு வாத்தியமாக அதிரும். பழைய நாடகங்களின் மொழி தமிழ் கலந்தது. சார்லமேன் மன்னனின் கதையான 'காரல்மான் சரிதம்' சின்னத்தம்பி அண்ணாவி என்ற தமிழர் செய்தது என்பது மரபு. பழக்கும் ஆசானுக்கு அங்கே அண்ணாவி என்றே பெயர். மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் கூத்துப் பழக்குகிறவரும் அண்ணாவியார்தான். பாட்டும் அடியும் வாள்வீச்சும் சேர்ந்தே கற்பிக்கப்படும் இந்தக் கலையின் பெரிய மையமாக எர்ணாகுளம் மாவட்டத்துக் கோதுருத்தி இருந்துவருகிறது. சவிட்டு நாடகத்தை மின்னிசையோடு கலந்தால் பாப் குழு பிறந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. அப்படிக் கலந்து கெட்டவை போதும். பழக்கும் முறை இந்த மண்ணுக்குப் புதிதல்ல என்பதுதான் சொல்ல வந்தது.

இதற்கு ஒரு மறுப்பு உடனே வரும். பட்டறையாவது ஒன்றாவது, இங்கே சினிமா என்ற ஆலமரம் நிற்கும்போது அடியில் எது முளைக்கும்? இதில் பாதி உண்மை. ஆனால் தைக்குடம் பிரிட்ஜ் 2013 வாக்கில் கப்பா டிவியின் இசை நிகழ்ச்சியிலிருந்து வெளிச்சத்துக்கு வந்து, மேடை வருமானத்திலேயே உலகம் சுற்றியது. மலேசியாவின் யோகி பியும் நட்சத்திராவும் 2006இல் 'வல்லவன்' தொகுப்போடு தமிழ் ராப்பைச் சினிமாவுக்கு வெளியே நிலைநாட்டினார்கள். வாத்தியம் வாசிக்கும் குழுவும் ராப் குழுவும் பிழைக்க முடிகிறது. பாடி ஆடும் குழு மட்டும் முடியவில்லை. சினிமா மட்டுமே காரணமாக இருந்தால் மூன்றும் சேர்ந்தல்லவா செத்திருக்க வேண்டும்? இன்னொரு மறுப்பு கொஞ்சம் கூர்மையானது. இங்கிலாந்தின் கேர்ள்ஸ் அலவுடும் 2002இல் ஒரு டிவி போட்டியில் அவசரமாகச் சேர்க்கப்பட்ட குழுதான், ஆனால் தொடர்ந்து இருபது பாடல்களை அந்நாட்டின் முதல் பத்துக்குள் கொண்டுபோனது. உண்மை. போட்டி முடிந்த பிறகு ஜெனோமேனியா என்ற ஒரே இசைத் தயாரிப்புக் கூடம் ஆண்டுக்கணக்கில் அவர்களோடு உழைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பட்டறை முன்னால் கிடைக்காதவர்களுக்குப் பின்னால் கிடைத்தது. விவாவுக்கு இரண்டு பக்கமும் கிடைக்கவில்லை.

மிகக் கனமான மறுப்பு இந்த முறையின் கொடுமையைப் பற்றியது, அதைத் தட்டிக்கழிக்க முடியாது. பாய்ஸ் கம்பெனியில் மகரக்கட்டு வந்து குரல் உடைந்த பையனுக்கு வேடம் போனது. கேட்ஸ்ஐ தொடரில், பொதுமக்கள் வாக்களிக்கும் நீக்கல் போட்டி வரப்போகிறது என்பதை முன்கூட்டிச் சொல்லவில்லை என்று சில பெண்கள் கலங்கியதும் பதிவாகியிருக்கிறது. கொரியாவில் 2009இல் டிவிஎக்ஸ்க்யூ குழுவின் மூவர், தங்களைப் 13 ஆண்டுகள் கட்டிப்போட்ட ஒப்பந்தத்தை எதிர்த்து நீதிமன்றம் போனார்கள். அதே ஆண்டு அந்நாட்டின் நியாய வணிக ஆணையம் மாதிரி ஒப்பந்தம் ஒன்றை வகுத்து, காலத்தை ஏழு ஆண்டுக்கு மட்டுப்படுத்தியது. அதன்பின் அங்கே குழுக்கள் குறையவில்லை. 2013இல் அறிமுகமான பிடிஎஸ், 2020இல் 'டைனமைட்' பாட்டோடுதான் அமெரிக்கப் பாடல் பட்டியலில் முதலிடம் தொட்டது. ஏழு ஆண்டு! கடிவாளம் போட்டால் தொழில் படுத்துவிடும் என்ற முதலாளிகளின் வழக்கமான புலம்பலுக்கு இதைவிட வேறு பதில் வேண்டாம். கொடுமை பயிற்சியில் இல்லை. கூட்டம் கூட்டமாகச் சேர்த்துப் பார்வையாளர் முன் கழித்துக்கட்டுவதிலும், கழிந்தவர்களுக்குக் கையில் ஒன்றும் கொடுக்காததிலும்தான் இருக்கிறது.

இதெல்லாம் தூரத்துச் செய்தி அல்ல. ஒடிசாவின் ஸ்ரேயா லெங்கா 2022இல் பிளாக்ஸ்வான் என்ற கொரியக் குழுவில் சேர்ந்தார். கேரளப் பெண்ணான ஆரியா 2023இல் எக்ஸ்-இன் குழுவோடு சியோலில் அறிமுகமானார். பழகுவதற்கு நம் பிள்ளைகள் கடல் கடக்க வேண்டியிருந்தது. சோனி மியூசிக் இந்தியா 2024இல் 'விஷ்' என்ற நான்கு பெண்கள் குழுவை மும்பையில் இறக்கியது. 2025இல் ஹைப் நிறுவனமே மும்பையில் கிளை திறந்துவிட்டது. அடுத்து அவர்கள் குரல் தேர்வுக்குத் தெற்கே வருவார்கள். வரும்போது பதினாறு வயதுப் பிள்ளையின் பெற்றோர் 'என் பெண் ஜெயிப்பாளா' என்று கேட்பதில் பயனில்லை. பயிற்சிக் காலம் எத்தனை மாதம், அந்த மாதங்களில் செலவு யாருடையது, அந்தச் செலவைப் பிறகு அவள் வருமானத்தில் கழிப்பீர்களா, ஒப்பந்தம் எத்தனை ஆண்டு, நடுவில் அனுப்பிவிட்டால் படிப்புக்கு என்ன வழி என்றுதான் கேட்க வேண்டும். கொரியாவில் இவற்றில் சிலவற்றுக்கு அரசு வகுத்த மாதிரி ஒப்பந்தம் பதில் சொல்கிறது. இங்கே இப்போதைக்கு, கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வக்கீலைப் பார்ப்பதுதான் ஒரே காப்பு.