ஒலிம்பிக்கில் கேப்டன்... ஊருக்கு டாக்டர்! - தாலிமெரென் ஆவோவின் கதை

1948 ஜூலை 29. லண்டன் வெம்பிளி மைதானம். சுதந்திர இந்தியா கலந்துகொண்ட முதல் ஒலிம்பிக் தொடக்க விழா. மூவர்ணக் கொடியை ஏந்தி அணிவகுப்பில் முன்னே நடந்தவர், 30 வயது மருத்துவ மாணவர். பெயர், தாலிமெரென் ஆவோ. இந்தியக் கால்பந்து அணியின் கேப்டன்!

இன்றைய நாகாலாந்தில் இருக்கும் சாங்கி என்ற மலைக்கிராமத்தில் 1918-ல் பிறந்தவர் ஆவோ. வீட்டில் மொத்தம் 12 பிள்ளைகள். அப்பா பாதிரியார். 'மகன் டாக்டராகி நம் மக்களுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும்' என்பது அவருடைய ஆசை. ஆவோ படித்துக்கொண்டிருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். அந்த ஆசையை மட்டும் மகன் கைவிடவில்லை.

கவுகாத்தி காட்டன் கல்லூரியில் படிப்பு. பிறகு, கொல்கத்தாவின் கார்மைக்கேல் மருத்துவக் கல்லூரி. இன்று அது ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரி. படிப்புக்கு நடுவே புகழ்பெற்ற மோகன் பகான் அணியில் ஆடினார், அதற்கே கேப்டனும் ஆனார்.

ஒலிம்பிக்கில் இந்தியா மோதியது பிரான்ஸுடன். நம் வீரர்களில் பெரும்பாலானோர் வெறுங்காலுடன் ஆடினார்கள். முதல் கோலை பிரான்ஸ் போட, ராமன் அடித்த கோலால் ஆட்டம் சமனுக்கு வந்தது. கிடைத்த இரண்டு பெனால்ட்டிகளும் வீணாகின. முடியப்போகும் நேரத்தில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட, 2-1 என இந்தியா தோற்றது. ஆனாலும், வெறுங்கால் வீரர்களைக் கைதட்டிக் கொண்டாடியது லண்டன்.

அந்தப் புகழோடு ஆவோ கால்பந்திலேயே இருந்திருக்கலாம். அவரோ திரும்பி வந்து 1950-ல் எம்.பி.பி.எஸ் முடித்தார். திப்ருகரில் சில காலம் பணி. 1953-ல் கோஹிமா அரசு மருத்துவமனைக்கு வந்துவிட்டார். பின்னாளில் நாகாலாந்து சுகாதாரத் துறையின் இயக்குநராக உயர்ந்து, 1978-ல் ஓய்வுபெற்றார். 1998-ல் காலமானார்.

அவர் நூற்றாண்டு கண்ட 2018-ல் தபால்தலை வெளியிட்டது இந்திய அரசு. வடகிழக்கில் அவர் பெயரில் கால்பந்துக் கோப்பையும் நடக்கிறது. மற்ற மாநிலங்களில் அவர் பெயரைக் கேட்டால் பலரும் யோசிப்பார்கள். அவர் அதற்காக வருந்தியிருக்க மாட்டார். அப்பாவின் ஆசையை நிறைவேற்றிய மகனுக்கு, கோஹிமாவின் நோயாளிகள் தெரிந்துவைத்திருந்ததே போதுமானதாக இருந்திருக்கும்!