ஃபாஸ்ட்-மேத்: ஒரு ஃப்ளாக் இல்ல, ஒரு கூட்டணி

போன செமஸ்டர் ப்ராஜெக்ட்டுக்காக சென்சார் ரீடிங்குகளோட சராசரி எடுக்கிற ஒரு சி ப்ரோகிராம் எழுதினேன். ரீடிங் வராத இடத்தில் நேன் இருக்கும், அதாவது 'இது எண்ணே இல்லை' என்று சொல்லும் மதிப்பு. இஸ்நேன் வைத்து செக் பண்ணி அதைத் தாண்டிவிடுவேன். ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி, வேகம் வேணும்னு ஓ3-ஐ ஓஃபாஸ்ட் என்று மாற்றினேன். வேகம் வந்தது. சராசரி நேன் ஆகிவிட்டது. கோடில் ஒரு எழுத்தைக்கூட நான் தொடவில்லை!

ஜிசிசி-யில் ஓஃபாஸ்ட் போட்டால் ஓ3-யோடு ஃபாஸ்ட்-மேத்தும் ஆன் ஆகும். ஃபாஸ்ட்-மேத் பார்க்க ஒரே ஃப்ளாக் மாதிரி இருக்கும், ஆனா உள்ளே ஒரு கூட்டமே இருக்கு. (இனி வரும் பெயர்களுக்கு முன்னாடி ஒரு ஹைஃபனும் எஃப் எழுத்தும் சேர்த்துக்கொள்ளுங்கள்.)

பெரும்பாலான வேகம் வருவது அசோசியேட்டிவ்-மேத் என்பதிலிருந்து. ஸ்கூல் கணக்கில் எந்த வரிசையில் கூட்டினாலும் ஒரே விடை. ஃப்ளோட்டில் அப்படி இல்லை. டபுளில் 0.1, 0.2 இரண்டையும் முதலில் கூட்டி அப்புறம் 0.3 சேர்த்தால் 0.6000000000000001 வரும், 0.2, 0.3-ஐ முதலில் கூட்டினால் 0.6. அதனால் கம்பைலர் நாம எழுதின வரிசையை மாற்றவே மாற்றாது. ஒரு அர்ரேயைக் கூட்டும் லூப்பில் ஒவ்வொரு கூட்டலும் முந்தின கூட்டல் முடியும்வரை காத்திருக்கும். வரிசையை மாற்றலாம் என்று அனுமதி கொடுத்தால், ஏவிஎக்ஸ்2-வில் ஒரே இன்ஸ்ட்ரக்ஷனில் நாலு டபுள்களைக் கூட்டலாம்.

சரி, அந்த ஒரு ஃப்ளாக்கை மட்டும் போட்டால் போதுமே? போட்டுப் பார்த்தேன். அது டிசேபிள் ஆகிவிட்டது என்று ஜிசிசி வார்னிங் தந்தது. அதுக்குத் துணையா நோ-சைன்ட்-ஜீரோஸ், நோ-ட்ராப்பிங்-மேத் இரண்டும் வேணும். காரணம் நியாயமானதுதான். ஐஈஈஈ 754-இல் +0, -0 என்று இரண்டு பூஜ்யம் உண்டு. வரிசை மாறினால் அந்தக் குறி மாறலாம். இரண்டாவது, ஓவர்ஃப்ளோ. 10-இன் 308-ஆம் அடுக்கு, அதன் நெகட்டிவ், மறுபடி அதே எண் என்று மூன்றையும் வரிசையாகக் கூட்டினால் பிரச்சினை இல்லை. முதலையும் மூன்றாவதையும் முதலில் சேர்த்தால் டபுளுக்குள் அடங்காது. இல்லாத ஒரு எக்ஸெப்ஷன் புதுசா முளைக்கும். இது ரெண்டும் எனக்குப் பரவாயில்லை என்று நாமே சொன்னால்தான் கம்பைலர் வரிசையில் கை வைக்கும்.

என் சராசரியைக் கெடுத்தவன் வேற ஆள்: ஃபைனைட்-மேத்-ஒன்லி. நேனும் இன்ஃபினிட்டியும் வரவே வராது என்று கம்பைலருக்கு நாம கொடுக்கும் சத்தியம் அது. வராத ஒன்றை எதுக்கு செக் பண்ணணும்? இஸ்நேன் எப்பவும் பொய் என்று முடிவுகட்டி என் இஃப்பையே தூக்கிவிட்டது. கம்பைலர் மேல தப்பே இல்லை, பொய் சத்தியம் பண்ணினது நான்.

நோ-மேத்-எர்னோ பாவம், ரொம்ப சாது. எர்னோவை நீங்க பார்க்காதவரை அதனால் தொல்லை இல்லை. ஸ்கொயர் ரூட் ஒரே இன்ஸ்ட்ரக்ஷனாக முடியும்.

லிங்க் பண்ணும்போதும் ஒரு வேலை நடக்கும். ஜிசிசி 13-க்கு முன்னாடி, எக்ஸ்86-இல் ஃபாஸ்ட்-மேத்தோடு ஒரு ஷேர்டு லைப்ரரியை லிங்க் செய்தால், அதை லோட் பண்ணும் த்ரெட்டிலேயே சப்நார்மல் எண்கள் பூஜ்யமாகிவிடும். சப்நார்மல் என்றால் டபுளில் சுமார் 2.2 பெருக்கல் 10-இன் -308-ஆம் அடுக்குக்கும் கீழே உள்ள குட்டி எண்கள். அதாவது யாரோ எழுதின லைப்ரரியின் ஃப்ளாக், நம்ம கோடின் கணக்கை மாற்றும். இரண்டு எண்கள் சமமில்லை, ஆனா கழித்தால் பூஜ்யம் என்ற விநோதமெல்லாம் அப்போ நடக்கும்.

கடைசியில் ஓ3-க்கே திரும்பி, அசோசியேட்டிவ்-மேத், அதோட துணை ரெண்டு, நோ-மேத்-எர்னோ என்று நாலை மட்டும் சேர்த்தேன். நேன் செக் திரும்ப வந்தது, லூப்பும் வெக்டரைஸ் ஆனது. கடைசி இலக்கம் மட்டும் பழைய விடையோடு ஒத்துப்போகவில்லை. அதனால் டெஸ்ட்டில் இரட்டைச் சமக்குறியை எடுத்துவிட்டு, ஒரு சின்ன டாலரன்ஸ் வைத்து ஒப்பிடுகிறேன். ககன் சம்மேஷன் எழுதியிருப்பவர்கள் மட்டும் இந்த நாலையும் அப்படியே காப்பி அடிக்க வேண்டாம்: அதில் வரும் திருத்தம் அல்ஜீப்ராப்படி பூஜ்யம் என்று அசோசியேட்டிவ்-மேத் அழித்துவிடும்.