காய்ச்சல் விட்ட நாளில் கவனம்



மேற்குக் கரை மாநிலங்களில் ஏப்ரல், மே மாதங்களிலும், மீண்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் மாலை மழை கொட்டுவதை நாம் அறிவோம். மழை வந்தால் பால்வெட்டு நிற்கும், சம்பளம் குறையும். அந்தக் கவலையோடு இன்னொரு கவலையும் சேர்ந்து வருகிறது. அதுதான் டிங்கிக் காய்ச்சல்.

இது நமக்குப் புதிய நோயன்று. பினாங்கில் 1902ஆம் ஆண்டிலேயே இதைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்கள். இரத்தக் கசிவோடு கூடிய இதன் கொடிய வடிவம் 1962இல் அதே பினாங்கில் கண்டறியப்பட்டது. 1975இல் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கென்றே நம் நாட்டில் சட்டம் வந்தது.

டிங்கியைப் பரப்புவது ஏடிஸ் கொசு. கறுத்த உடலில் வெள்ளை வரிகள் இருக்கும். மலேரியாக் கொசு இரவில் கடிக்கும். இதுவோ பெரும்பாலும் பகலில், விடிந்த பின்னும் பொழுது சாயும் முன்னும் கடிக்கும். ஏடிஸில் இரண்டு வகை இங்குண்டு. ஒன்று வீட்டுக்குள் வாழ்வது. மற்றொன்று மரநிழலிலும் புதரிலும் வாழ்வது. அந்த இரண்டாவது வகைக்குப் பால்மரக் காடு நல்ல புகலிடம்.

சாக்கடையில்தான் கொசு வளரும் என்று எண்ணுகிறோம். ஏடிஸ் தேடுவது தேங்கி நிற்கும் தெளிந்த நீரை. மழையால் வெட்டு நின்ற நாள்களில் பால் மங்குகள் நிமிர்ந்தபடியே இருந்தால், ஒவ்வொரு மங்கும் ஒரு கொசுத் தொட்டில்தான். ஆகவே வெட்டு இல்லாத நாளில் மங்குகளைக் கவிழ்த்து வையுங்கள். லயத்தைச் சுற்றிக் கிடக்கும் தகர டின், பழைய டயர், தேங்காய்ச் சிரட்டை, பூச்சாடி ஆகியவற்றையும் பாருங்கள்.

வாரத்திற்கு ஒரு நாள் இந்த வேலைக்கு ஒதுக்க வேண்டும். ஏன் வாரத்திற்கு ஒரு நாள்? முட்டை கொசுவாக ஏறத்தாழ ஏழிலிருந்து பத்து நாள் ஆகும். அதற்குள் நீரைக் கொட்டிவிட்டால் புழு மடிந்துவிடும். ஆனால் நீரை ஊற்றிவிட்டால் மட்டும் போதாது. முட்டைகள் பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். எனவே பீப்பாயின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி, இறுக மூடுங்கள்.

இனி மிக முக்கியமான செய்திக்கு வருவோம். வீட்டில் ஒரு பிள்ளைக்குக் கடுங்காய்ச்சல், தலைவலி, கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பு வலி என்று வந்தால், தோட்ட மருந்தகத்திலோ அரசாங்க கிளினிக்கிலோ காட்டி இரத்தம் பரிசோதிக்கச் சொல்லுங்கள். காய்ச்சலுக்குப் பனடோல் போன்ற மருந்தை அவர்கள் சொல்லும் அளவில் கொடுக்கலாம். ஆஸ்பிரின் கூடாது, அது இரத்தக் கசிவை அதிகமாக்கும். "ஊசி போட்டால் உடனே சரியாகிவிடும்" என்று வற்புறுத்தவும் வேண்டாம். கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று அடிக்கடி குடிக்கக் கொடுங்கள். பப்பாளி இலைச் சாற்றை நம்பி ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் விட்டுவிடும். உடம்பு குளிர்ந்ததும், "பிள்ளைக்குச் சுகமாகிவிட்டது" என்று தாய் நிம்மதியாக வெளிக்காட்டுக்குப் புறப்பட்டுவிடுவார். ஆபத்து தலைகாட்டும் நேரம் அதுதான்! அப்போதுதான் இரத்தக் குழாயிலிருந்து நீர் கசியத் தொடங்கும். வயிற்றில் கடும் வலி, ஓயாத வாந்தி, பல் ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கை கால் சில்லிடுதல், மிகுந்த சோர்வு, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும், நள்ளிரவானாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். வண்டிக்கு யாரிடம் சொல்வது என்பதைக் காய்ச்சல் கண்ட முதல் நாளிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பே டிங்கி வந்தவருக்கு இனி வராது என்றும் எண்ண வேண்டாம். இதன் கிருமியில் நான்கு வகை உண்டு. இரண்டாம் முறை வேறு வகை தாக்கினால் நோய் கடுமையாகக்கூடும்.

இரண்டு நாள் கூலி போனால் பிறகு ஈட்டிக்கொள்ளலாம். காய்ச்சல் விட்ட பின் இரண்டு நாளாவது பிள்ளையின் அருகில் ஒருவர் இருங்கள். மங்கைக் கவிழ்ப்போம், பீப்பாயை மூடுவோம், பிள்ளைகளைக் காப்போம்.