நாடாவைச் சீர்செய்வோம்

தறியில் விலை குறைந்த உபகரணங்களுள் ஒன்று நாடா. பாவு கோக்கவும் அச்சுப் பிணைக்கவும் எத்தனையோ கவலை எடுக்கும் நாம், நாள் முழுதும் கையில் புழங்கும் இந்தச் சிறு மரத்துண்டை மட்டும் கடையில் வாங்கியபடியே வைத்து ஓட்டுகிறோம். பாலாற்றங்கரைச் செவிலிமேட்டில் பட்டு நெய்யும் அங்கத்தினர்கள் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

நாடாவைத் திருத்தி உலகத்தையே மாற்றியவர் இங்கிலாந்தின் ஜான் கே. அகலத் துணிக்குத் தறியின் இருபுறமும் ஆள் நின்று நாடாவை வீசி வாங்கிய காலம் அது. 1733இல் அவர் அதற்குச் சக்கரம் வைத்து, இருபுறமும் பெட்டி அமைத்து, கயிற்றை இழுத்து ஓடவிட்டார், ஓராள் போதுமாயிற்று. சென்னை மாகாணத்தில் இவ்விசைநாடாவைப் பரப்ப ஆல்பிரட் சாட்டர்டன் முயன்றார். அதன்பொருட்டு 1906இல் சேலத்தில் நெசவுச்சாலை ஒன்றும் நிறுவப்பட்டது.

ஆயினும் கோர்வைச் சேலைக்கு அது பொருந்துவதில்லை. விசைநாடா ஒரு பெட்டியிலிருந்து மறு பெட்டிவரை முழு அகலமும் ஓடும். கோர்வையிலோ உடல் ஊடை கரையின் எல்லையில் நின்று, கரை ஊடையோடு கோத்துத் திரும்ப வேண்டும். ஆதலால் மூன்று நாடாக்களும், மறுபுறம் கரைநாடா போட ஓர் உதவியாளரும் தேவை. அந்த வேலைக்கு முன்பு சிறுவர்களை உட்கார வைத்தார்கள். அது ஒழிய வேண்டியதே. இன்று பெரும்பாலும் மனைவியோ உறவினரோ உட்காருகிறார். கைநாடா அடிக்கடி நூலறுத்து நின்றால் இருவர் உழைப்பும் ஒருங்கே நிற்கிறது. எனவே நாம் கவனிக்க வேண்டியது கைநாடாவையே.

முதலாவது வழவழப்பு. பிசின் நீக்கிய பட்டிழை நகத்தின் சொரசொரப்பிலேயே சிக்கும்; மரச்சிலும்பைக் கேட்பானேன்! மிக நுண்ணிய உப்புத்தாளால் மரத்தின் ரேகைப்போக்கில் தேய்த்து, பட்டுத்துணித் துண்டொன்றை மேலே இழுத்துப் பாருங்கள். சிக்கினால் மீண்டும் தேய்க்கவும். எண்ணெய் பூச வேண்டா. சேலையில் கறை ஏறும்.

அடுத்தது நூல் வெளிவரும் கண். நாள்பட அதில் இழைத் தடம் விழும். அத்தடம் சரிகையைச் சுரண்டும். தடம் தென்பட்டதும் பீங்கான் கண் மாற்றிவிடலாம்.

முக்கியமானது இழுவிசை. ஊடை தளர்ந்து வந்தால் ஓரத்தில் வளையம் விழும். இறுகினால் துணி அகலம் குறுகும். தார் நிறைந்திருக்கையில் ஒருவிதமாகவும், தீரும் தருவாயில் வேறுவிதமாகவும் இழுப்பதே இதற்குக் காரணம். நாடாவின் உட்சுவர் இரண்டிலும் மெல்லிய கம்பளித்துணிப் பட்டையை ஒட்டினால், இழை அவற்றினிடையே உரசி ஏறக்குறைய ஒரே சீராக வரும். மென்மயிர்த் தோலை ஒட்டுவோரும் உண்டு. சாயம் போகாத வெள்ளைத்துணியே ஏற்றது; சிவப்புக் கம்பளியை ஒட்டிவிட்டு மாம்பழ நிறச் சேலையை நொந்து பயனில்லை. பசை நன்றாய் உலர்ந்த பிறகே தாரைப் பொருத்தவும். பட்டை தடித்துவிட்டால் நிறைந்த தார் சுழலாமல் இழை அறும். ஆகவே மெல்லியதில் தொடங்கி, வேண்டுமானால் இன்னொன்று சேர்க்கலாம்.

பயிர்த்தொழில் செய்யும் அங்கத்தினர்களுக்கு இது புதிதன்று; தம் உயரத்துக்கேற்ப மண்வெட்டிக் காம்பைச் செதுக்கிக்கொள்ளாத உழவர் யார்?

உப்புத்தாள், பீங்கான் கண், கம்பளித்துணி மூன்றையும் சங்கமே மொத்தமாக வாங்கி வைத்தால் தனித்தனியே அலைய வேண்டியிராது. காஞ்சிபுரம் நெசவாளர் சேவை மையத்திலும் ஆலோசனை கேட்கலாம். முதலில் பழைய நாடா ஒன்றில், விலை குறைந்த ஊடையை வைத்து ஒரு முழம் நெய்து பாருங்கள். கரைநாடாக்களை அதன் பின்னர்த் தொடலாம்.