எருக்கிலை முட்டையும் மேக்ரோ லென்சும்

வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியை நடத்தும்போது முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என நான்கு படங்களைக் கரும்பலகையில் வரைகிறோம். நான்கும் ஏறக்குறைய ஒரே அளவில் அமைந்துவிடும். பிறகு மாணவர்களை எருக்கஞ்செடி அருகே அழைத்துச் சென்றால், இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு “முட்டையே இல்லையே” என்பார்கள். வெந்தய வரியன் அங்கே முட்டை இட்டிருக்கும். அதன் அளவு சுமார் 1 மி.மீ. மட்டுமே.

முன்பெல்லாம் பூச்சிகளைப் பிடித்து ஊசி குத்திப் பெட்டியில் வைத்துக் காட்டுவோம். இன்று அது தேவையில்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பல வண்ணத்துப்பூச்சி இனங்களுக்குப் பாதுகாப்பு தருகிறது. ஒரு நல்ல நெருக்கப்படம் இருந்தால், உயிரைத் தொடாமலே முழு வகுப்புக்கும் காட்டலாம்.

இதற்குத் திருச்சி ஆசிரியர்களுக்கு வாய்த்த இடம் ஸ்ரீரங்கம் மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே, மேலணைக் காப்புக்காட்டில் சுமார் 25 ஏக்கரில் வனத்துறை அமைத்த இப்பூங்கா 2015இல் திறக்கப்பட்டது. அங்கே மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பது, “பள்ளிக்கு எந்த மேக்ரோ லென்சு வாங்கலாம்?” என்பதுதான். நன்கொடையாளர் தரும் பணம் ஒரு முறைதான் வரும். பொருந்தாத லென்சு அலமாரியில் தூங்கும். எனவே எந்த நிறுவனத்துடையது என்று பார்ப்பதற்கு முன் இரண்டு கேள்விகளுக்கு விடை காண வேண்டும்: எதைக் காட்டப் போகிறோம்? எவ்வளவு அருகில் போக முடியும்?

எவ்வளவு பெரிதாக வேண்டும்?

உண்மையான மேக்ரோ லென்சு 1:1 உருப்பெருக்கம் தரும். அதாவது 1 மி.மீ. முட்டையின் பிம்பம் கேமராவின் சென்சாரிலும் 1 மி.மீ. இருக்கும். தொடக்கநிலைக் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் சென்சாரின் அகலம் சுமார் 23 மி.மீ. ஆகவே முட்டை, படத்தின் அகலத்தில் 23இல் ஒரு பங்கை நிரப்பும். அந்தப் படத்தை 2 மீட்டர் அகலத் திரையில் காட்டினால் முட்டை ஏறத்தாழ 9 செ.மீ., ஒரு பெரிய கொய்யாப்பழம் அளவில் தெரியும். கடைசி வரிசை மாணவரும் அதன் மேல் உள்ள வரிகளை எண்ணலாம்.

வண்ணத்துப்பூச்சிக்கு இந்த அளவு தேவையில்லை. எலுமிச்சை அழகியின் சிறகு விரிப்பு 8 முதல் 10 செ.மீ. அது முழுதாகப் படத்தில் அடங்க 1:4 போதும். சாதாரண ஜூம் லென்சுகள் பலவே இதைச் செய்யும். ஜூம் லென்சின் மேல் ‘மேக்ரோ’ என்று அச்சிட்டிருந்தாலும் அது பெரும்பாலும் 1:3 அல்லது 1:4 தான். விகிதத்தைப் பார்த்து வாங்குங்கள்.

எவ்வளவு அருகில் போகலாம்?

மேக்ரோ லென்சுகள் 40, 60, 100, 180 மி.மீ. போன்ற குவியத் தொலைவுகளில் கிடைக்கின்றன. 1:1 உருப்பெருக்கம் எல்லாவற்றிலும் ஒன்றே. மாறுவது நாம் நிற்கும் தூரம். 40 மி.மீ. லென்சில் 1:1 பெற, லென்சின் முகப்பு பூச்சிக்கு 4 செ.மீ. அருகே போக வேண்டும். நம் நிழலே பூச்சியின் மேல் விழும், அது பறந்துவிடும். 60 மி.மீ. லென்சில் இந்தத் தூரம் சுமார் 9 செ.மீ., 100 மி.மீ. லென்சில் சுமார் 14 செ.மீ. 180 மி.மீ. லென்சு இன்னும் தள்ளி நிற்க விடும். ஆனால் எடையும் விலையும் அதிகம்.

விளம்பரத்தில் குறைந்தபட்சக் குவிய தூரம் 30 செ.மீ. என்று போட்டிருந்தால் ஏமாற வேண்டாம். அது சென்சாரிலிருந்து அளப்பது. லென்சின் நீளமும் அதில் அடங்கும்.

இலை நரம்பு, மகரந்தத்தாள், முட்டை போன்ற அசையாதவை மட்டும் போதுமென்றால் 40 அல்லது 60 மி.மீ. சிக்கனமானது. புழு, தேனீ, வண்ணத்துப்பூச்சியும் வேண்டுமென்றால் 90 முதல் 105 மி.மீ. வரை உள்ளதே பள்ளிக்கு ஏற்றது.

வாங்குவதற்கு முன்

இதன் விலை பல பத்தாயிரம் ரூபாய். அதற்கு முன் குறைந்த செலவில் இரண்டு வழிகள் உள்ளன.

ஒன்று, கைப்பேசியில் பொருத்தும் சிறு லென்சு. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பூச்சியை மிக நெருங்க வேண்டியிருக்கும், அசையாதவற்றுக்குப் போதும்.

மற்றொன்று, லென்சின் முன்னால் திருகும் குளோஸ்-அப் லென்சு. இது 10ஆம் வகுப்பு ஒளியியல் பாடம்தான். +4 டயாப்டர் திறனுள்ள குவிலென்சின் குவியத் தொலைவு 25 செ.மீ. ஜூம் லென்சை முடிவிலியில் வைத்து இதைப் பொருத்தினால், பூச்சி 25 செ.மீ. தொலைவில் இருக்கும்போது தெளிவாகத் தெரியும். ஜூமின் குவியத் தொலைவு 200 மி.மீ. என்றால் உருப்பெருக்கம் 200/250, அதாவது 0.8. பள்ளியில் ஏற்கெனவே அத்தகைய ஜூம் இருந்தால் முதலில் இதை முயலுங்கள்.

எந்த லென்சையும் சோதிக்க ஓர் அளவுகோல் போதும். மிக நெருங்கிப் படமெடுத்து, படத்தின் அகலத்தில் எத்தனை மி.மீ. தெரிகிறது என்று மாணவர்களை எண்ணச் சொல்லுங்கள். சென்சாரின் அகலத்தை அந்த எண்ணால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். வானவில் மன்றச் செயல்பாடாகவே இதைச் செய்யலாம்.

படமெடுக்கும்போது

1:1இல் தெளிவாகத் தெரியும் ஆழம் மிகக் குறைவு; எஃப்/8 துளையில் ஏறக்குறைய 1 மி.மீ. தான். எனவே சிறகின் பரப்புக்கு இணையாகக் கேமராவைப் பிடிக்க வேண்டும். சென்சாருக்கு வரும் ஒளியும் நான்கில் ஒரு பங்காகக் குறையும். இளங்காலை வெயிலில் பூச்சிகள் சிறகு விரித்துக் குளிர்காயும். அதுவே நல்ல நேரம். ஆற்றோர ஈரத்தில் லென்சில் பூஞ்சை பிடிக்கும். மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பையுடன் வையுங்கள். பழைய லென்சு வாங்கினால் டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்.

பூங்காவுக்குச் செல்லும் முன் கேமரா விதிமுறைகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். படத்துக்காக இலையைக் கிள்ளவோ புழுவை இடம் மாற்றவோ மாணவர்களை அனுமதிக்க வேண்டாம். ஒவ்வொரு படத்தோடும் தேதி, இடம், செடியின் பெயர் ஆகியவற்றை அவர்களே எழுதட்டும். பள்ளி வளாகத்து எருக்கும் கறிவேப்பிலையும் இருந்தால், ஓராண்டில் உங்கள் பள்ளிக்கே உரிய வாழ்க்கைச் சுழற்சித் தொகுப்பு ஒன்று உருவாகிவிடும்.