மாக் லாரியும் அதன் கீர்த்தியும்

ஐக்கிய அமெரிக்காவில் ஒருவனுக்குத் திடீரென்று பெருந்துன்பம் நேர்ந்தால், மாக் லாரி வந்து மோதியது போலாயிற்று என்று சொல்லுவான். உடற்கட்டு வாய்ந்த ஒருவனைக் கண்டால், மாக் லாரியைப்போல் இருக்கிறான் என்பார்கள். அந்நாட்டில் லாரி செய்யப் புறப்பட்ட கம்பெனிகள் ஒன்றிரண்டல்ல. நூற்றுக்கணக்கில் தோன்றி நூற்றுக்கணக்கில் மறைந்தன. அவற்றுள் ஒன்றின் பெயர் மட்டும் ஜனங்களின் பேச்சில் ஏறி உட்கார்ந்துவிட்டது. லாரியை ஒருமுறையேனும் நின்று கவனித்திராதவர்கள்கூட அந்தப் பெயரைப் பழமொழிபோல் வழங்குகிறார்கள். விளம்பரத்தால் மட்டும் இத்தகைய கீர்த்தி கிட்டுவதில்லை. அது எவ்விதம் கிட்டிற்று, இன்று யார் வசத்தில் இருக்கிறது என்பவை ஆராயத் தக்க விஷயங்கள். சுதேசத் தொழிலைப் பற்றியும் அன்னிய மூலதனத்தைப் பற்றியும் ஓயாது வாதிக்கும் நம் நேயர்களுக்கு இக்கதை முற்றும் அயலார் கதையாகத் தோன்றாது என்று நம்புகிறோம்.

ஜாக் மாக் என்பவர் பென்ஸில்வேனியா ராஜ்யத்தில் குடியேறிய ஜெர்மானியக் குடும்பத்தில் பிறந்தவர். அவரும் அவருடைய சகோதரர் கஸ் மாக்கும் 1893-ல் நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் ஒரு குதிரைவண்டிப் பட்டறையை விலைக்கு வாங்கினார்கள். வண்டி செய்து பிழைத்துக்கொண்டே நீராவி வண்டி, மின்சார வண்டி என்று பலவற்றையும் பரீட்சித்துப் பார்த்தார்கள். ஒன்றும் மனத்துக்குப் பிடிக்கவில்லை. கடைசியில் 1900-ல், 20 பேர் உட்காரத்தக்க பெட்ரோல் பஸ் ஒன்றைச் செய்தார்கள். புரூக்ளினிலுள்ள பிராஸ்பெக்ட் பூங்காவில் வேடிக்கை பார்க்க வருவோரை ஏற்றிச் செல்வது அதன் வேலை. எட்டு வருஷம் பஸ்ஸாக ஓடியபின் அதையே லாரியாக மாற்றி, மொத்தம் பத்து லட்சம் மைல் ஓட்டினார்கள் என்பது கம்பெனியார் பெருமையுடன் கூறும் கணக்கு. கணக்கில் சற்று உயர்வு நவிற்சி இருக்கலாம். ஆனால் வாங்கினவன் எளிதில் தூக்கியெறியாத வண்டி என்ற பெயர் அப்போதே பிறந்துவிட்டது.

1905-ல் தொழிற்சாலை பென்ஸில்வேனியாவிலுள்ள ஆலன்டவுன் என்ற ஊருக்குப் போயிற்று. சகோதரர்கள் ஐவரும் வியாபாரத்தில் சேர்ந்தார்கள். வண்டிகளுக்கு முதலில் 'மான்ஹாட்டன்' என்றே பெயர். 1910-ல்தான் குடும்பப் பெயர் வண்டிமேல் ஏறிற்று. பெயர் ஏறிய மறுவருஷமே குடும்பம் இறங்க வேண்டியதாயிற்று என்பதுதான் விந்தை. தொழில் பெருகப் பெருக மூலதனம் தேவைப்பட்டது. மூலதனத்துடன் பாங்கர்கள் வந்தார்கள். 1911-ல் வேறொரு லாரிக் கம்பெனியுடன் இது பிணைக்கப்பட்டு, 'இன்டர்நேஷனல் மோட்டார் கம்பெனி' என்ற பெயரால் நடக்கலாயிற்று. 1912-ல் ஜாக் மாக் தாம் வளர்த்த ஸ்தாபனத்தைவிட்டு வெளியேறினார். 1924-ல் அவர் சென்ற மோட்டார் ஒரு டிராம் வண்டியுடன் மோதியதில் உயிரிழந்தார். அவருடைய பெயரைத் தாங்கிய லாரி உலகப் பிரசித்தி அடைந்ததெல்லாம் அவர் வெளியேறிய பிறகுதான்.

அந்தப் பிரசித்திக்கு மூலகாரணம் 1916-ல் வெளிவந்த 'ஏ.ஸி.' என்னும் லாரி. ஆல்பிரட் மஸுரி என்ற என்ஜினீயர் அமைத்தது. அழகென்று சொல்ல அதில் எதுவுமில்லை. யந்திரத்துக்கு முன்னால் இருக்க வேண்டிய ரேடியேட்டரை யந்திரத்துக்குப் பின்னால், டிரைவருக்கு அருகில் கொண்டுபோய் வைத்தார்கள். ஆகையால் மூக்கு மழுங்கிச் சரிந்து, முகத்தில் அறை வாங்கியதுபோல் காணப்பட்டது. பிரான்ஸில் ரெனால்ட் மோட்டார்களுக்கு அக்காலத்தில் இப்படிப்பட்ட முகப்பே உண்டு. ரெனால்டின் பெயர் இக்கதையில் மறுபடியும் வரப்போகிறது. முகப்பு அவலட்சணமானாலும் பயனுடையது. கற்குவியலிலோ சுவரிலோ லாரி இடித்தால் ரேடியேட்டர் உடைந்து தண்ணீர் ஒழுகி வண்டி நடுவழியில் நிற்பது அக்காலத்துச் சாதாரண அனுபவம். ஏ.ஸி. லாரி இடிபட்டும் ஓடியது.

மற்றொரு விசேஷம் சங்கிலி. சைக்கிளில் இருப்பதுபோன்ற, ஆனால் மிகப் பருமனான சங்கிலி பக்கத்துக்கு ஒன்றாகப் பின்சக்கரங்களைச் சுழற்றிற்று. பெரும்பாரம் இழுக்கும்போது பின்னச்சிலுள்ள பல்சக்கரங்கள் முறிந்துபோவது அந்நாளைய லாரிகளின் குறை. அவ்வளவு சக்தியைத் தாங்கும் உலோகம் எல்லாரிடமும் இல்லை. சங்கிலியோ முறிந்தால் ஒரு கண்ணிதான் முறியும். டிரைவரே பாதையோரத்தில் உட்கார்ந்து சரிசெய்துகொள்ளலாம். சேறு அப்பிக்கொள்ளும், காதைத் துளைக்கும் சப்தம் உண்டாகும் என்பவை உண்மையே. கெட்டி ரப்பர்ச் சக்கரங்களின்மேல் நாள் முழுவதும் குலுங்கிச் சென்ற டிரைவர்கள் அதைச் சுகமான வாகனமென்று வர்ணித்திருக்க மாட்டார்கள். வேகமும் இல்லை. ஆனால் எங்கே அனுப்பினாலும் போயிற்று, போன இடத்திலிருந்து திரும்பி வந்தது. 1930-களின் இறுதிவரை அதே உருவில் 40,000-க்கு மேற்பட்ட ஏ.ஸி. லாரிகள் செய்யப்பட்டன. கொலராடோ நதியைத் தடுத்து ஹூவர் அணை கட்டிய காலத்தில் பாறைகளையும் கான்கிரீட்டையும் சுமந்த லாரிகளில் மாக் லாரிகள் முக்கியமானவை.

புல்டாக் நாயின் பெயர் இதற்கு வந்தது முதல் மகாயுத்தத்தில். பிரிட்டிஷ் சர்க்கார் ஏராளமான ஏ.ஸி. லாரிகளை வாங்கிப் பிரான்ஸிலுள்ள போர்முனைக்கு அனுப்பினர். பின்னர் அமெரிக்கச் சேனையும் ஆயிரக்கணக்கில் கொண்டுபோயிற்று. பீரங்கிக் குண்டுகள் உழுது போட்ட சகதியில் மற்ற வண்டிகள் அச்சுவரை புதைந்து கிடக்கையில், இந்த மழுங்கிய மூக்கு வண்டி உறுமிக்கொண்டு ஏறிச் சென்றதைப் பார்த்த ஆங்கிலச் சிப்பாய்கள், பிடித்த பிடி விடாத தங்கள் நாட்டு நாயின் பெயரை அதற்கு இட்டார்களாம். பட்டப்பெயரைக் கம்பெனியார் சும்மா விடவில்லை. 1922-ல் கம்பெனிக்கு 'மாக் டிரக்ஸ்' என்ற பெயர் ஏற்பட்டபோது புல்டாக் அதன் சின்னமாயிற்று. பிரிட்டிஷ் சிப்பாய் கொடுத்த பட்டம், ஜெர்மானியர் மகன் தொடங்கிய தொழில், பிரெஞ்சு மோட்டாரை ஒத்த மூக்கு: அமெரிக்கத் தன்மையின் சிகரம் என்று அந்நாட்டார் கொண்டாடும் பொருளின் பிறப்பு இது!

இன்று லாரி முகப்பில் நிற்கும் நாயின் உருவத்தைச் செதுக்கியவரும் மஸுரியே. 1932-ல் சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது பொழுது போகாமல் அதைச் செதுக்கினார். அடுத்த வருஷம், 1933 ஏப்ரல் 4-ந் தேதி, அமெரிக்கக் கடற்படையின் 'ஏக்ரன்' என்னும் ஆகாயக் கப்பல் புயலில் சிக்கி நியூஜெர்ஸிக் கரைக்கு அப்பால் கடலில் வீழ்ந்தது. அதிலிருந்த 76 பேரில் 73 பேர் மாண்டனர். மஸுரி அவர்களில் ஒருவர்.

நாயின் நிறத்திலும் ஒரு கணக்கு உண்டு. பொன்னிற நாய் இருந்தால், என்ஜின், கியர்ப்பெட்டி, அச்சு ஆகிய யாவும் மாக் தொழிற்சாலையிலேயே செய்யப்பட்டவை என்று அர்த்தம். வேறு கம்பெனியின் பாகம் கலந்திருந்தால் வெள்ளி நிறம். நம்முடைய அபிப்பிராயத்தில் இந்த லாரியின் கீர்த்திக்கு ஆதாரம் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்க லாரிக் கம்பெனிகளில் பல, ஒருவரிடம் என்ஜினும் மற்றொருவரிடம் அச்சும் வாங்கிப் பூட்டி விற்பவை. அதில் இழிவொன்றுமில்லை, செலவு குறையும், வாங்குவோன் தனக்கு வேண்டிய என்ஜினைக் கேட்டுப் பெறலாம். மாக் கம்பெனியோ தன் வண்டியின் உயிர்நிலைகளைத் தானே செய்வதென்று பிடிவாதமாக நின்றது. அதனால் விலை ஏறிற்று. வியாபாரம் மந்தமான வருஷங்களில் பெரிய தொழிற்சாலைகளைக் கட்டிக் காப்பது பெரும் பாரமாகவும் இருந்தது. ஆனால் ஒரு குறை நேர்ந்தால், அது இன்னாருடைய தவறு என்று கையைக் காட்ட வேறொருவர் இல்லை. செய்தவனே பொறுப்பாளி.

இரண்டாவது மகாயுத்தத்தில், 155 மில்லிமீட்டர் பீரங்கிகளை இழுப்பதற்கென்றே மாக் தொழிலாளர்கள் ராட்சச லாரிகளைச் செய்தனுப்பினர். யுத்தத்துக்குப் பின் 1953-ல் வந்த 'பி' வரிசை லாரி, 1966 வரையில் 1,27,000-க்கு மேல் செய்யப்பட்டது. 1967-ல் வந்த 'மாக்ஸிடைன்' டீசல் என்ஜின் இன்னும் முக்கியமானது. சாதாரண டீசல் என்ஜின் ஒரு குறுகிய வேகவரம்புக்குள்தான் முழுச் சக்தியையும் காட்டும். அந்த வரம்பைவிட்டு விலகாதிருக்க டிரைவர் பத்துக்கு மேற்பட்ட கியர்களை ஓயாது மாற்றிக்கொண்டிருக்க வேண்டும். மாக்ஸிடைன் தாழ்ந்த சுழற்சியிலும் ஏறக்குறைய அதே சக்தியைக் கொடுத்தபடியால் ஐந்து கியர்களே போதுமாயின. மலைப்பாதையில் கியர்க் கம்பியுடன் மல்லாடி ஓய்ந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 1978-ல் வெளியான 'கான்வாய்' என்ற சினிமாவில் கதாநாயகன் ஓட்டியதும் மாக் லாரிதான்.

ஆனால் மாக்ஸிடைன் வந்த அதே 1967-ல் கம்பெனி ஓர் எண்ணெய்க் கம்பெனியின் சொத்தாயிற்று. 1979-ல் பிரான்ஸின் ரெனால்ட் சிறு பங்கு வாங்கிற்று; 1983-ல் அது 40 சதவீதத்துக்கு மேல் வளர்ந்தது; பெருநஷ்டம் வந்த பின்னர் 1990-ல் முழுவதும் ரெனால்டின் கைக்குப் போயிற்று. ரெனால்ட் 1945-ல் தேசீயமாக்கப்பட்டு, அப்பொழுதும் பிரெஞ்சு சர்க்காரின் ஆதிக்கத்தில் இருந்த ஸ்தாபனம். சர்க்கார் தொழில் நடத்துவது பாவம் என்று உலகுக்கெல்லாம் உபதேசித்த நாட்டின் புல்டாக்கை மற்றொரு நாட்டு சர்க்காரின் தொழிற்சாலை வாங்கிக் கொண்டது. உபதேசம் செய்தவர்கள் இதைப்பற்றி அதிகம் பேசியதாகத் தெரியவில்லை.

இங்கே ஒரு விஷயத்தை நடுநிலையாகச் சொல்ல வேண்டும். ஆலன்டவுனுக்கு நேர்ந்த மிகப் பெரிய அடி, ரெனால்ட் முழுச் சொந்தக்காரனாகும் முன்பே நேர்ந்தது. பழைய ஆலை காலத்துக்கு ஒவ்வாதென்றும், கூலியில் விட்டுக்கொடுக்க வேண்டுமென்றும் நிர்வாகிகள் கேட்டார்கள். தொழிற்சங்கம் இணங்கவில்லை. உடனே தொழிற்சங்கங்களுக்குச் செல்வாக்கில்லாத தென் கரோலினாவில், வின்ஸ்பரோ என்ற சிற்றூரில் புதிய ஆலை கட்டி 1987-ல் திறந்தார்கள். ஆலன்டவுனின் பெரிய ஆலை மூடப்பட்டது. ரெனால்ட் அப்போது பெரும் பங்குதாரன் என்பது மெய்யே. ஆயினும் நிர்வாகத்தில் இருந்தவர்கள் அமெரிக்கர்கள். தலைமுறை தலைமுறையாகப் பொன்னிற நாய்க்கு அர்த்தம் கொடுத்த கைகளை வேண்டாமென்று தள்ளியவர்கள் அந்நாட்டவர்களே. முதலாளி சுதேசியாக இருந்துவிட்டால் தொழிலாளிக்குப் பயமில்லை என்று நம் நாட்டில் சொல்லுகிறவர்களுக்கு ஆலன்டவுனின் அனுபவம் சங்கடமாகவே இருக்கும்.

2001-ல் ரெனால்டின் லாரித் தொழிலை ஸ்வீடன் நாட்டு வால்வோ எடுத்துக்கொண்டபோது மாக்கும் அதனுடன் போயிற்று. வால்வோ 2002-ல் வின்ஸ்பரோ ஆலையை மூடிவிட்டது. பதினைந்து வருஷத்திற்கு முன் ஆலன்டவுனுக்கு நேர்ந்தது இப்போது வின்ஸ்பரோவுக்கு நேர்ந்தது; அந்த ஏழை ஊர் எதிர்த்துக் குரல் கொடுக்கவும் வலிமையில்லாதது. காலக்கிரமத்தில் கனரக லாரிகளைப் பூட்டும் வேலை முழுவதும் ஆலன்டவுனுக்கு அருகிலுள்ள மகன்ஜி ஆலையில் சேர்ந்தது. என்ஜின்கள் மேரிலாண்டிலுள்ள ஹேகர்ஸ்டவுனில் செய்யப்பட்டு வந்தன. தலைமைக் காரியாலயம் மட்டும் 2009-ல் ஆலன்டவுனைவிட்டு வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவுக்குப் பெயர்ந்தது. அன்னியன் வந்தான், வேலையின் ஒரு பகுதி பழைய இடத்துக்குத் திரும்பிற்று. ஆனால் தீர்மானம் செய்யும் இடம் தூரப் போயிற்று. இதை லாபமென்பதா, நஷ்டமென்பதா என்று ஆலன்டவுன்வாசிகளுக்குள்ளேயே ஒருமித்த அபிப்பிராயம் இருக்க முடியாது.

2023 அக்டோபரில், கம்பெனியும் சங்கத் தலைவர்களும் செய்துகொண்ட உடன்படிக்கையைத் தொழிலாளர்கள் நூற்றுக்கு 73 பேர் வீதம் நிராகரித்து, 9-ந் தேதி வேலைநிறுத்தம் தொடங்கினர். பென்ஸில்வேனியா, மேரிலாண்ட், பிளாரிடா ஆகிய மூன்று ராஜ்யங்களில் சுமார் 4,000 பேர் வெளியேறினார்கள். தலைவர்கள் சரி என்றதைத் தொண்டர்கள் சரியல்ல என்று சொல்லத் துணிந்தது கவனிக்கத் தக்கது. ஐந்து வாரங்களுக்குப் பின், ஐந்து வருஷங்களில் 19 சதவீதக் கூலி உயர்வு என்ற ஏற்பாட்டை அங்கீகரித்துத் திரும்பினர்.

அதற்கு மறுவருஷம், 2024 ஆகஸ்டில், வால்வோ மெக்ஸிகோவின் மான்டெரே பிரதேசத்தில் புதிய ஆலை கட்டப்போவதாக அறிவித்தது. வால்வோ லாரிகளுடன் மாக் லாரிகளும் அங்கே பூட்டப்படும் என்றது. மகன்ஜி ஆலைக்கு அதனால் தீங்கில்லை, அது துணை ஆலையே என்று கம்பெனியார் கூறினர். வின்ஸ்பரோ கதையை மறவாதவர்கள் இந்த உறுதிமொழியை எப்படி எடுத்துக்கொண்டிருப்பார்கள் என்பதை நாம் ஊகிக்கலாம். 2025 தொடக்கத்தில், உள்நாட்டுத் தொழிலைக் காப்பதற்கென்று சொல்லி அமெரிக்க சர்க்கார் இறக்குமதிப் பொருள்கள்மீது கடும் சுங்கவரி விதித்தனர். மெக்ஸிகோவுக்குப் போகும் ஆலைகளை மடக்கித் திருப்பும் வேலி என்று அதை வர்ணித்தனர். அவ்வருஷம் ஏப்ரலில், சுங்கவரியாலும் பிறவற்றாலும் சந்தை நிலையற்றிருக்கிறது, லாரிக்கு ஆர்டர் குறைந்திருக்கிறது என்று காரணங் காட்டி, மகன்ஜி ஆலையில் 250 முதல் 350 பேர் வரை வேலையிலிருந்து நிறுத்தப்படுவார்கள் என்று கம்பெனி அறிவித்தது. அந்த ஏப்ரலிலேயே புதிய மாதிரி மாக் லாரி ஒன்றை நியூயார்க்கின் புரூக்ளினில் வெகு விமரிசையாக வெளியிட்டனர். அதன் முகப்பிலும் மஸுரி செதுக்கிய நாய் நின்றது.