எதிரெதிர் விசைகளும் விளையுள் விசையும்

ஒரு பொருளின் மீது ஒரேயொரு விசை மாத்திரம் தாக்குதல் உலகியலில் அரிது. மேசை மீதுள்ள நூலைப் புவி கீழ்நோக்கி இழுக்கின்றது. மேசை அதனை மேல்நோக்கித் தாங்குகின்றது. சேற்றில் அழுந்திய வண்டியைச் சிலர் முன்னே தள்ளச் சேறு அதனைத் தடுக்கின்றது. இவ்வாறு பல விசைகள் ஒருங்கே தாக்குமிடத்து, அவை யாவும் சேர்ந்து பொருளின் இயக்கத்தில் விளைக்கும் மாற்றத்தைத் தனித்து விளைக்கவல்ல ஒற்றை விசையை விளையுள் விசை என்பர். எதிரெதிராய்த் தாக்கும் விசைகளின் விளையுளைக் கணிக்கும் முறையையும், அதன்கண் மாணவர்க்கு எழும் ஒரு மயக்கத்தையும் ஈண்டு ஆராய்வாம்.

விசைக்குப் பருமனோடு திசையும் உண்டு. ஆதலின், கணிக்கத் தொடங்குமுன் ஒரு திசையை நேர் எனவும் அதன் எதிர்த்திசையை மறை எனவும் கொள்ளல் வேண்டும். 60 கிலோகிராம் திணிவுள்ள பெட்டியொன்றை ஒருவன் கிழக்கு நோக்கி 300 நியூற்றன் விசையோடும், மற்றொருவன் மேற்கு நோக்கி 180 நியூற்றன் விசையோடும் தள்ளுகின்றனர் என்க. உராய்வைப் புறக்கணிப்பின் விளையுள் விசை கிழக்கு நோக்கிய 120 நியூற்றன் ஆகும். இதனைத் திணிவால் வகுக்கப் பெறும் ஆர்முடுகலின்படி, பெட்டியின் வேகம் செக்கன்தோறும் செக்கனுக்கு 2 மீற்றர் வீதம் கிழக்கே கூடும்.

தரையின் உராய்வு 90 நியூற்றன் எனின் யாதாகும்? உராய்வு, தள்ளுவோனை அன்று, வழுக்குதலையே எதிர்ப்பது. பெட்டி கிழக்கே வழுக்கிச் செல்லின் உராய்வு மேற்கு நோக்கித் தாக்கும். விளையுள் 30 நியூற்றனாகக் குறையும். பெட்டி முன்னரே மேற்கு நோக்கி வழுக்கிக்கொண்டிருப்பின், உராய்வு கிழக்கு நோக்கித் தாக்கும். விளையுள் 210 நியூற்றனாக உயரும். உராய்வை எப்பொழுதும் கழித்தே விடுவோர் இவ்விடத்துத் தவறுவர்.

இனி, இருவரும் 300 நியூற்றன் விசையோடு எதிரெதிரே தள்ளுவாராயின் அவர்தம் விசைகளின் விளையுள் பூச்சியமாகும். இது கண்டு, விசைகளே அழிந்துபோயின எனக் கருதுவது பெரும் பிழையாம். பாக்குவெட்டியில் அகப்பட்ட பாக்கை இருபுறத்து அலகுகளும் சமமாக நெருக்குகின்றன. பாக்கு எப்பக்கமும் பெயர்வதில்லை, ஆயினும் பிளவுபடுகின்றது. பொருள் முழுவதன் ஆர்முடுகலை நிருணயிப்பது விளையுள் விசை. அப்பொருள் நெரிதலும் பிளத்தலும் தனித்தனி விசைகளைப் பொறுத்தவை.

இவ்வுண்மையைப் புலப்படுத்தும் பரிசோதனையொன்றை ஒற்றோ வொன் கேரிக்கே என்பார் 1657 ஆம் ஆண்டில் யேர்மனியின் மாக்டெபேர்க் நகரில் நிகழ்த்திக் காட்டினார். செப்பினாலான இரு அரைக்கோளங்களைப் பொருத்தி, உள்ளிருந்த காற்றைப் பம்பியால் வெளியேற்றி, பக்கத்துக்கு எட்டாகப் பதினாறு குதிரைகளைப் பூட்டி இழுப்பித்தார். அவற்றாலும் அரைக்கோளங்களை எளிதிற் பிரித்தல் இயலவில்லை. கோளத்தின் விட்டத்தை அரை மீற்றர் எனவும், உள்ளே முழு வெற்றிடம் எனவும் கொள்வோமாயின், வளிமண்டலம் ஒவ்வோர் அரைக்கோளத்தையும் மற்றையதை நோக்கி ஏறத்தாழ 20,000 நியூற்றன் விசையோடு அழுத்தும். அஃது இரண்டு தொன் நிறைக்கு ஒப்பாகும். இவ்விரு அழுத்தங்களும் எதிரெதிரானவை. எனவே முழுக் கோளத்தின்மீது அவற்றின் விளையுள் பூச்சியம். ஆயினும் அரைக்கோளங்களை இறுகப் பிணித்து நின்றவை அவையே.

இன்னுமொன்று காண்க. ஒரு பக்கத்து எட்டுக் குதிரைகளையும் அவிழ்த்துவிட்டு, அப்பக்கத்தை உறுதியான சுவரொன்றிற் பிணைத்திருப்பினும் பயன் வேறுபடாது. எஞ்சிய எட்டுக் குதிரைகள் எவ்வளவு இழுக்கின்றனவோ அவ்வளவே சுவரும் எதிர்த்து இழுக்கும். ஆகவே பதினாறு குதிரைகள் பூட்டியமையால் பிரிக்கும் விசை இருமடங்காகவில்லை. மற்றை எட்டும் சுவரின் தொழிலையே செய்தன.

விளையுள் பூச்சியமெனின் பொருள் ஓய்விலேயே இருக்கும் என்பதும் பொருந்தாது. நியூற்றன் 1687 இல் வெளியிட்ட முதல் விதியின்படி, ஓய்விலுள்ள பொருள் ஓய்விலேயே இருக்கும்; இயங்கும் பொருளோ மாறா வேகத்துடன் நேர்கோட்டிற் செல்லும். ஆகவே விளையுள் பூச்சியம் எனக் கண்டவிடத்து மாணவர் இரண்டு வினாக்களை எழுப்புதல் வேண்டும்: பொருள் முன்னரே இயங்கிக்கொண்டிருந்ததா? ஒன்றையொன்று சமன்செய்யும் விசைகள் அதனுள்ளே யாது செய்கின்றன? இவ்விரண்டிற்கும் விடை கண்டவரே கணக்கை முற்ற முடித்தவராவர்.